காவின் மேசை

தம்மாம்
14.01.2024

அன்புள்ள பாரூக் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகம். முழங்கால்தான் இந்த அரபு வீட்டு மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. உங்கள் சுகர் எப்படி? உங்கள் வீட்டுக்காரி றம்லத் ராத்தாவின் இருமல் குறைந்ததா? என் மகள் ஆஸிகா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

என் போனை மேடம் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். முந்தி இங்கே வேலை செய்த பிள்ளை யாரோடோ பேசிப் பேசி ஓடிப்போனதாம். அவள் ஓடியதற்குத் தண்டனை எனக்கு. பக்கத்து வீட்டு டிரைவர் நம் மாவனெல்லை ஊர்த் தம்பி. நான் குப்பை போட வெளியே போகும் இரண்டு நிமிடத்தில் கடிதத்தை வாங்கித் தபாலில் போடுவார். வாசலில் கேமரா இருப்பதால் நின்று பேச வழியில்லை. இனி எல்லாம் கடிதத்தில்தான். பதிலை உறையில் உள்ள அவருடைய தபால் பெட்டி இலக்கத்துக்கு அனுப்புங்கள்.

கம்பளை மாப்பிள்ளை இடம் சரிவந்துவிட்டது என்று போன மாதம் போனில் சொன்னீர்களே, அன்று முழுக்க ஸாகி, ஸாகி என்று மருமகன் பெயரைச் சொல்லிக்கொண்டே மாக் குழைத்தேன். ரொட்டி மெதுவாக வந்திருக்கிறது என்று மேடமே மெச்சினார்.

என் ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. ஜனவரியில் காவின் எழுதி நிக்காஹ்வை முடிப்போம். அதற்கு முன்னால் எனக்காக ஒரு வேலை செய்ய வேண்டும். ஆஸிகாவின் கட்டிலுக்கு அடியில், சாக்கில் சுற்றிய பெரிய கண்ணாடி ஒன்று இருக்கிறது. கண்டியில் உங்கள் தம்பியின் மணிக்கூட்டுக் கடையில் வேலை மேசைக்கு மேல் கிடந்தது. ஆஸிகாவின் வாப்பா பதினெட்டு வருடம் அதன் மேல் குனிந்திருந்தவர். அவர் மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு கடைச் சாமான் எல்லாவற்றையும் கொடுத்தேன், அதை மட்டும் கொடுக்கவில்லை. அதற்கு மரச் சட்டமும் நாலு காலும் போட்டு மேசையாக்கித் தாருங்கள். பிள்ளையின் வாப்பா இடத்தில் நின்று நீங்கள் காவின் புத்தகத்தில் கையெழுத்து வைக்கும்போது, புத்தகம் அந்தக் கண்ணாடியின் மேல் இருக்க வேண்டும். நான் அறை வாசலில் நின்று பார்ப்பேன். அந்த ஒரு நாளுக்காகத்தான் மச்சான், இரண்டு வருடமாக அடுத்தவன் வீட்டு நிலத்தைத் துடைக்கிறேன்.

எல்லோருக்கும் என் ஸலாம்.

சித்தி றலியா

&nbsp;

கட்டுகஸ்தோட்டை
20.02.2024

அன்பின் மச்சி றலியாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நாங்கள் நலம். என் சுகர் ஏறி இறங்குகிறது, ராத்தாவின் இருமல் இறங்காமல் நிற்கிறது. ஆஸிகா நன்றாக இருக்கிறாள்.

கண்ணாடி விஷயத்தை என்னிடம் விட்டுவிடுங்கள். சந்தைக்குப் பின்னால் தச்சு வேலை செய்யும் முனாஸிடம் கொண்டுபோனேன். ஆட்டோவில் என் மடியில் வைத்துத்தான் கொண்டுபோனேன், நுவரவெலப் பாலத்துப் பள்ளங்கள் ஒவ்வொன்றும் என் தொடைக்குத் தெரியும். முனாஸ் தட்டிப் பார்த்துவிட்டு, "ஹாஜியார், நாலு மூலைல நாலு ஓட்டையப் போட்டு காலை முறுக்கினா வேல முடிஞ்சி" என்றான். ஓட்டை போட்டால் மேலே ஆணித் தலை தெரியாதா என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான். யோசிக்கச் சொல்லியிருக்கிறேன்.

கம்பளைக்காரர் நல்ல மனிதர்கள். புடவைக் கடை பெரிதாக நடக்கிறது. ஸாகியின் தாய் நம் பிள்ளையைக் கண்ட கணத்திலேயே மனம் இளகிவிட்டார்.

துஆவுடன்,
பாரூக்

&nbsp;

தம்மாம்
18.03.2024

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு எப்படிப் போகிறது? இங்கே நோன்பென்றால் மேடம் பகலில் தூங்குவார், நான் பகலிலும் சமைப்பேன், இரவிலும் சமைப்பேன். ஆனாலும் சுகம்தான்.

முனாஸிடம் சொல்லுங்கள், அந்தக் கண்ணாடியில் ஊசி முனைகூடப் படக்கூடாது. அது சூளையில் சுட்டுக் கடினமாக்கியது. துளை போட்டால் முழுவதும் பொரி மாதிரி உதிர்ந்துவிடும் என்று உங்கள் தம்பி அடிக்கடி சொல்வார். அடியில் மரத்தைக் கொடுத்துப் பசையால் ஒட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நான் இங்கே வீட்டு வேலை செய்வதைக் கம்பளைக்காரருக்குச் சொல்லிவிட்டீர்களா? முன்பு வந்த இரண்டு இடமும் "தாய் வெளிநாட்டில கத்தாமாவாமே" என்று கேட்டுவிட்டுத்தானே வராமல் போனது. இவர்களிடம் ஒளிக்க வேண்டாம். தெரிந்துகொண்டு வருகிறவர்கள் வரட்டும். என் வேலையில் எனக்கு வெட்கமில்லை, மச்சான். இதற்கு மட்டும் மறக்காமல் பதில் எழுதுங்கள்.

சித்தி றலியா

&nbsp;

கட்டுகஸ்தோட்டை
25.04.2024

அன்பின் மச்சிக்கு,

பெருநாள் வாழ்த்து. நாங்கள் சுகம். வட்டிலப்பம் ஒரு துண்டு அதிகம் சாப்பிட்டேன், அதற்காக ராத்தா மூன்று நாள் பேசவில்லை.

நீங்கள் சொன்னது சரி. முனாஸை ஒரு கண்ணாடிக் கடைக்காரனிடம் கூட்டிக்கொண்டு போனேன். பார்த்தவுடனேயே, "இதுல கை வெக்க வாணாம்" என்றான். இப்போது புதிய ஏற்பாடு. பலா மரத்தில் இரண்டு தாங்கு பலகை. கண்ணாடியின் நீளத்துக்குக் குறுக்காக, ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி ஒவ்வொன்று. கால்கள் கண்ணாடியில் அல்ல, அந்தப் பலகையில் முறுக்கப்படும். பலகைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நிறமில்லாத சிலிக்கோன் பசை. மேலேயிருந்து பார்த்தால் பலகை தெரியும் என்பதால் அதன் நாலு பக்கத்தையும் இழைத்துப் பொலிஷ் பண்ண வேண்டும். சாதாரண மேசையில் அடிப்பக்கத்தை யார் பார்க்கிறார்கள்? இதில் எல்லாம் வெளிச்சம். முனாஸுக்கு இது பிடிக்கவில்லை.

கால்களை நேரே நிறுத்தப் பார்த்தான். சற்று வெளியே சாய்த்து நிறுத்து, அப்போதுதான் ஆடாது என்று நான்தான் சொன்னேன். பலா இன்னும் ஈரம். ஈர மரத்தில் பசை பிடிக்காது. மழை விடட்டும்.

கம்பளைக்காரருக்குத் தெரிய வேண்டியதெல்லாம் தெரியும். அதை யோசித்து நீங்கள் உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாரூக்

&nbsp;

கட்டுகஸ்தோட்டை
19.05.2024

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம் உம்மா. உங்கள் முழங்காலுக்குத் தைலம் பூசுகிறீர்களா?

என்ன எழுதுவதென்று தெரியவில்லை. போனில் என்றால் நீங்கள் கேட்பீர்கள், நான் சொல்வேன். மேசைக்குக் கால் செதுக்கிவிட்டார்கள். கம்பளை மாமி இரண்டு முறை வந்து போனார். என்னில் மிகவும் இரக்கம். வரும்போதெல்லாம் என் தலையைத் தடவிக்கொண்டே இருப்பார். எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

நீங்கள் அவசரப்பட்டு எதுவும் செய்ய வேண்டாம். நீங்கள் எங்கிருந்தாலும் நான் உங்களுக்குத் துஆ கேட்கிறேன்.

மகள் ஆஸிகா

&nbsp;

தம்மாம்
23.06.2024

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் இறைச்சியில் இங்கே மூழ்கிவிட்டேன், மற்றபடி சுகம். அங்கே எல்லோரும் நலமா?

ஆஸிகாவின் கடிதம் வந்தது. அரைப் பக்கம்! பள்ளிக்கூடத்தில் பசுவைப் பற்றிக்கூட அதைவிட நீளமாக எழுதினாளே. தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன், ஆனால் அவளிடம் சொல்ல வேண்டாம், பெருமைப்படுவாள்.

மேசையை ஒரு படம் எடுத்து டிரைவர் தம்பியின் போனுக்கு அனுப்புங்கள். குப்பை போடப் போகும்போது காட்டுவார். இலக்கம் உறையின் பின்னால் இருக்கிறது. அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை.

சித்தி றலியா

&nbsp;

தம்மாம்
11.08.2024

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீங்கள் எல்லோரும் சுகமா என்று கேட்டு இது இரண்டாவது கடிதம்.

படமும் வரவில்லை, பதிலும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் குப்பைப் பையோடு போய் அந்தத் தம்பியின் முகத்தைப் பார்க்கிறேன். அவர் இப்போது என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொள்கிறார், பாவம். போன கிழமை பையில் போடக் குப்பை இல்லாமல் நல்ல வெங்காயத்தைப் போட்டுக்கொண்டு போனேன். உங்களுக்கு ஏதும் நோய் வருத்தமா? ஆஸிகாவுக்கு ஏதுமா? மேசை உடைந்துவிட்டதா? உடைந்தால் உடைந்தது, எழுதுங்கள். உடைந்ததைத் தாங்குவேன், ஒன்றும் தெரியாமல் இருப்பதைத் தாங்க முடியவில்லை.

றலியா

&nbsp;

கட்டுகஸ்தோட்டை
22.09.2024

அன்பின் மச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கோபிக்க வேண்டாம். வேலை மேல் வேலை. எல்லோரும் சுகம், அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் மேசை உடையவில்லை. அழகாக வந்திருக்கிறது. ஒட்டிய கதையைக் கேளுங்கள். நிலத்தில் மெத்தையை விரித்து, கண்ணாடியைக் குப்புறக் கிடத்தினோம். தூசியை வினாகிரி போட்டுத் துடைத்தது நான். முனாஸ் பசை வைத்தான். பலகையை அமர்த்தி, ஒவ்வொன்றின் மேலும் அரிசி மூட்டை ஒன்று ஏற்றி, ஒரு பகலும் ஓர் இரவும் யாரையும் அந்த அறைக்குள் விடவில்லை. ராத்தா சோறாக்க அரிசி கேட்டு வாசலில் நின்று சத்தம் போட்டார், நான் கொடுக்கவில்லை. பிறகு கால்களை முறுக்கி, நாலு பேர் பிடித்து நிமிர்த்தினோம். குர்ஆன் மீது ஆணை, ஒரு மூலைகூட ஆடவில்லை.

ஆனால் முனாஸ் ஒரு பக்கத்தில் பசையைக் குறைத்துவிட்டான், அதை நான் அன்றைக்கே சொன்னேன். கேட்டானா? கடைசியில் லெப்பை கையை ஊன்றிய பக்கம்தான் பலகை விட்டுக்கொடுத்தது. புத்தகத்தைப் பார்க்கிறேன் என்று அத்தனை பேரும் ஒரே பக்கம் சாய்ந்தால் எந்தப் பசைதான் தாங்கும்? நான் முழங்காலைக் கொடுத்து முட்டாகப் பிடித்திருக்காவிட்டால் சஹனில் உட்கார வேண்டியவர்கள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பார்கள். முனாஸைக் கூப்பிட்டு நன்றாகக் கொடுத்தேன். இப்போது பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒட்டியிருக்கிறான். இனி யானை ஏறி நின்றாலும் அசையாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே வேலை நல்லதென்றால் இன்னும் கொஞ்சக் காலம் நிற்பதைப் பற்றியும் யோசியுங்கள்.

பாரூக்

&nbsp;

தம்மாம்
09.10.2024

பாரூக் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதத்தை முதலில் சிரித்துக்கொண்டு வாசித்தேன். அரிசி மூட்டை, ராத்தாவின் சத்தம் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதன் பிறகு இன்னொரு முறை வாசித்தேன். கழிவறையில் உட்கார்ந்து மூன்றாவது முறை வாசித்தேன்.

தச்சன் மேசை செய்கிற இடத்தில் காவின் எழுதுகிற லெப்பைக்கு என்ன வேலை? எந்தப் புத்தகத்தைப் பார்க்க அத்தனை பேரும் சாய்ந்தார்கள்? யாருடைய விருந்துக்கு சஹன் வைத்தீர்கள்?

முனாஸை ஏசுகிற அவசரத்தில் என்ன எழுதுகிறீர்கள் என்று உங்களுக்கே தெரியவில்லை. எட்டு மாதமாகப் பலகை, பசை, பலா என்று எழுதினீர்கள். என் வேலையைக் கம்பளைக்காரருக்குச் சொன்னீர்களா என்று கேட்டதற்கு நேரான ஒரு வரி எழுதவில்லை. இப்போது இதை மட்டும் கேட்கிறேன். என் பிள்ளைக்குக் காவின் எழுதிவிட்டீர்களா? ஆம் அல்லது இல்லை. மேசையைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.

சித்தி றலியா

&nbsp;

கம்பளை
31.10.2024

உம்மா,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தைப் பெரிய வாப்பா என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

ஓகஸ்ட் நாலாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, எனக்கு நிக்காஹ் முடிந்தது.

அவர்கள் முதன்முதலில் பெண் பார்க்க வந்த அன்று பெரிய வாப்பா, "எத்தீம் பிள்ளை. வாப்பாவும் இல்ல, உம்மாவும் மௌத்து" என்று சொன்னார். நான் தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நின்றேன். இரண்டு இடம் உங்கள் வேலையால்தானே தவறியது, மூன்றாவதும் தவறக்கூடாது என்று நினைத்திருக்கிறார். கட்டுகஸ்தோட்டையில் உங்களைக் கண்டவர் யாருமில்லை. நம் ஊர் தெல்தோட்டையை விட்டு நான் பெரிய வாப்பாவிடம் வந்த பிறகு அங்கிருந்து யாரும் தேடி வரவுமில்லை. பொய் என்று நான் அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். தட்டை வைத்துவிட்டு உள்ளே போனேன்.

மாமி பின்னால் வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். "இனி நான்தான் மகள் ஒனக்கு உம்மா" என்றார். எத்தீமுக்கு வாழ்வு கொடுத்த குடும்பம் என்று கம்பளையில் அவர்களை எல்லோரும் மெச்சுகிறார்கள். நீங்கள் வந்துவிட்டால் பிறகு எதையும் மறைக்க முடியாதென்று பெரிய வாப்பா நிக்காஹ் நாளை முன்னுக்குக் கொண்டுவந்தார்.

நீங்கள் கேட்ட மாதிரியே புத்தகம் வாப்பாவின் கண்ணாடியின் மேல்தான் இருந்தது. நான் அறைக்குள் இருந்தேன். காவின் முடிந்ததும் லெப்பை துஆ ஓதினார். பிள்ளையின் வாப்பா, உம்மா இரண்டு பேரையும் அடக்கிய கப்றையும் வெளிச்சமாக்கி வை என்று கேட்டார். அறையில் இருந்த பெண்கள் எல்லோரும் ஆமீன் சொன்னார்கள். நானும் சொன்னேன், உம்மா. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஸாகி நல்லவர். சொன்னால் விளங்கிக்கொள்வார் என்று ஒரு நாள் நினைப்பேன், மறுநாள் பயம் வந்துவிடும். இன்னும் இரண்டு வருடம் ஒப்பந்தத்தை நீட்ட முடியுமா? அதற்குள் மெல்ல மெல்லச் சொல்லிவிடுகிறேன். போன் திரும்பக் கிடைத்தால் எனக்குக் கோல் எடுக்க வேண்டாம், ஸாகிதான் எடுப்பார். மேசை பெரிய வாப்பா வீட்டில் இருக்கிறது. அது உங்களுக்குத்தான்.

என்னை மன்னித்துவிடுங்கள்.

ஆஸிகா

&nbsp;

தம்மாம்
24.11.2024

மகள் ஆஸிகாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமா என்று கேட்டு எழுதத் தொடங்கினேன், கை வரவில்லை.

உன் கடிதம் கிடைத்து ஒரு கிழமை ஆகிறது. அந்த ஒரு கிழமையும் இந்த வீட்டில் சமைத்தேன், துவைத்தேன், மேடத்தின் பேரப்பிள்ளைக்கு ஊட்டினேன். மௌத்தானவள் இவ்வளவு வேலை செய்வதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

உன் பெரிய வாப்பாவை விடு. அவர் அந்த வீட்டுக்குப் பெரியவர், கௌரவம் பார்த்தார், பொய் சொன்னார். அவருக்கு நான் தம்பி பெண்சாதி. உனக்கு நான் யார்? அவர் என்னை மௌத்தாக்கினார், நீ ஆமீன் சொன்னாய். எனக்கு வயிறு எரிகிறது, ஆஸிகா. உன்னை அடிக்க வேண்டும் போல இருக்கிறது. அடித்த கையாலேயே தடவிக்கொடுக்கவும் வேண்டும் போல இருக்கிறது. இரண்டையும் செய்ய முடியாத தூரத்தில் நின்று எழுதுகிறேன்.

ஸாகியின் தாய் உன்னைக் கட்டிப்பிடித்து அழுதது பொய்யில்லை. அந்தப் பெண்ணையும் சேர்த்துத்தான் ஏமாற்றியிருக்கிறீர்கள். அவர் எனக்காகக் கேட்ட துஆவெல்லாம் உயிரோடு இருக்கிற எனக்கு வந்துகொண்டிருக்கிறது. எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மேடமும் இன்னும் இரண்டு வருடம் நிற்கச் சொல்கிறார். நீயும் அதைத்தான் சொல்கிறாய். அவருக்கு என் வேலை வேண்டும், அதற்காகச் சொல்கிறார். அவரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். உனக்கும் அதே பதில்தான்.

மேசையை மச்சானே வைத்துக்கொள்ளட்டும். பார்த்துப் பார்த்துச் செய்தார், அதில் சாப்பிடட்டும்.

டிசம்பர் பத்தொன்பது, வியாழக்கிழமை காலையில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குகிறேன். யாரும் வர வேண்டாம். பஸ்ஸில் கண்டிக்கு வந்து, அங்கிருந்து கம்பளைக்கு வருவேன். உன் மாமனாரின் புடவைக் கடையைக் கேட்டால் வீட்டைக் காட்ட மாட்டார்களா என்ன? பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்னால் உன் வாசலில் நிற்பேன்.

நான் சத்தம் போட மாட்டேன், அழ மாட்டேன், அதற்குப் பயப்படாதே. கதவைத் தட்டுவேன், அவ்வளவுதான். ஸாகி திறப்பான், அல்லது அவன் தாய் திறப்பார். யார் என்று கேட்பார்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன். நீ வந்து சொல்ல வேண்டும். உம்மா என்று நீ சொன்னால் உள்ளே வருகிறேன். யாரோ தெரியாது என்று நீ சொன்னால், ஒரு கோப்பை தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, தெல்தோட்டை பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

வஸ்ஸலாம்.

சித்தி றலியா